பிரான்சிஸ் ராட்கிளிஃபின் தனிப்பட்ட தாள்களை ஆராய்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

ஆஸ்திரேலியாவின் 'அவுட்பேக்' எனப்படும் வறண்ட உள்நிலத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர் உண்டு. இயற்கைப் பாதுகாப்புக்காக அமைப்புகளைக் கட்டியவர்களும் பலர் உண்டு. இரண்டையும் செய்ததோடு, வாழ்நாளின் பெரும்பகுதியை அரசு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஊழியராகவும் கழித்தவர் பிரான்சிஸ் நோபிள் ராட்கிளிஃப். விலங்கியலாளரான அவர் 1938இல் எழுதிய 'ஃப்ளையிங் ஃபாக்ஸ் அண்ட் ட்ரிஃப்டிங் சேண்ட்' என்ற பயண நூல், பழந்தின்னி வௌவால்களையும் மேய்ச்சல் நிலத்தை மூடிக்கொண்டிருந்த மணலையும் பற்றியது. 1960களில் ஆஸ்திரேலியப் பாதுகாப்பு அறக்கட்டளை உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு இருந்தது. அவருடைய தனிப்பட்ட தாள்கள் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் கைப்பிரதித் தொகுப்பில் பாதுகாக்கப்படுகின்றன.

இயற்கை எழுத்தை ஆராய விரும்புகிற, மொழிபெயர்க்க விரும்புகிற, அல்லது ஓர் இயற்கையாளரின் வாழ்க்கை வரலாற்றை எழுத முற்படுகிற தமிழ் வாசகருக்காக இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. ராட்கிளிஃப் ஒரே பயணத்தைப் பலருக்காகப் பலமுறை எழுதியவர்: துறைத் தலைவருக்கு ஒரு விதமாகவும், அரசு அறிக்கையில் இன்னொரு விதமாகவும், பொது வாசகருக்கான நூலில் வேறொரு விதமாகவும். இந்த எழுத்துகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டில்தான் அவருடைய தாள்களின் பெறுமதி இருக்கிறது. பெட்டிகள் அடுக்கப்பட்ட வரிசையில் ஒவ்வொன்றாகப் படித்துச் செல்பவருக்கு அந்த வேறுபாடு கண்ணில் படாமலே போய்விடும். அதைத் தேடிப் படிப்பதற்கான வழிமுறையே கீழே தரப்படுகிறது.

முதல் படி: வாழ்க்கையைக் காலவரிசையில் எழுதிக்கொள்வது

காப்பகத்தை நாடும் முன் ஒரு காலவரிசை கையில் இருக்க வேண்டும். ராட்கிளிஃபைப் பொறுத்தவரை அதன் முதல் வரி நம் நாட்டில் தொடங்குகிறது. அவர் 1904இல் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை சாமுவேல் கெர்காம் ராட்கிளிஃப் அந்நகரின் 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளேட்டின் ஆசிரியராகப் பணியாற்றியவர். பாரதியார் குருவாகப் போற்றிய சகோதரி நிவேதிதையின் நண்பருங்கூட. பத்திரிகையாளரின் மகனாக வளர்ந்தது ராட்கிளிஃபின் நடைக்கு உதவியிருக்கும் என்று எண்ண இடமுண்டு. ஆனால் இது என் ஊகம். தாள்களைக் கொண்டு நிறுவப்பட வேண்டியது.

ஆக்ஸ்ஃபர்டில் விலங்கியல் படித்த அவர், உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லியின் செல்வாக்கு வட்டத்தில் வளர்ந்தார். 1929இல் பழந்தின்னி வௌவால்களை ஆராய ஆஸ்திரேலியாவுக்கு வந்தார். அப்பணி முடிந்தபின் பிரிட்டன் திரும்பி அபர்டீன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1935இல் மண் அரிப்பையும் மணல் நகர்வையும் ஆராய மீண்டும் ஆஸ்திரேலியா வந்தார். அதன்பின் பூச்சியியல் பிரிவில் கரையான் ஆய்வு, போர்க்காலத்தில் இராணுவத்தின் மலேரியாத் தடுப்புப் பணி, 1949 முதல் 1961 வரை வனவிலங்கு ஆய்வுப் பிரிவின் பொறுப்பு, மீண்டும் பூச்சியியல், 1969இல் ஓய்வு என அவருடைய பணிக்காலம் அமைந்தது. 1970இல் அவர் காலமானார்.

இந்தக் காலவரிசையில் அவர் பணிபுரிந்த நிறுவனத்தின் பெயரையும் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். 1926இல் சி.எஸ்.ஐ.ஆர். என்ற பெயரில் உருவான அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றம் 1949இல் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆயிற்று. வனவிலங்கு ஆய்வுப் பிரிவும் 1960களின் தொடக்கத்தில் வனவிலங்கு ஆராய்ச்சித் துறையாகப் பெயர் மாறியது. ஒரே பொருள் குறித்த கோப்புகள் ஆண்டுக்கு ஏற்ப வெவ்வேறு தலைப்புகளில் கிடப்பதற்கு இதுவே காரணம். ஒரு பெயரை மட்டும் வைத்துத் தேடுபவர் பாதியைத் தவறவிடுவார்.

இரண்டாம் படி: அச்சில் வந்தவற்றை முதலில் படித்து முடிப்பது

கையெழுத்துத் தாள்களின் மீதுள்ள ஆர்வத்தில் அச்சு நூல்களைப் பின்னுக்குத் தள்ளுவது பொதுவாக நிகழ்கிறது. அது நேர விரயம். ஓர் எழுத்தாளர் எதை வெளியிட்டார் என்பது தெரியாவிட்டால், எதை வெளியிடாமல் விட்டார் என்பதை அடையாளம் காண முடியாது.

படிக்க வேண்டிய அடிப்படை எழுத்துகள் ஐந்து. ஆஸ்திரேலியப் பழந்தின்னி வௌவால் குறித்து சி.எஸ்.ஐ.ஆர். 1931இல் வெளியிட்ட 53ஆம் எண் அறிக்கை. தெற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட மேய்ச்சல் பகுதிகளில் மண் நகர்வு குறித்த 1936ஆம் ஆண்டின் 64ஆம் எண் சிறுநூல். தென்மேற்குக் குயின்ஸ்லாந்தைச் சிறப்பாக எடுத்துக்கொண்ட 1937ஆம் ஆண்டின் 70ஆம் எண் சிறுநூல். ஹக்ஸ்லியின் முன்னுரையோடு வந்த 1938ஆம் ஆண்டுப் பயண நூல். மிக்சோமடோசிஸ் என்னும் முயல் நோயைப் பற்றி வைரஸ் ஆய்வாளர் ஃபிராங்க் ஃபென்னருடன் இணைந்து எழுதி 1965இல் வெளியான பெருநூல்.

இவற்றுள் முதல் நான்கையும் இணை இணையாக வைத்துப் படிக்க வேண்டும். வௌவால் ஆய்வை எடுத்துக்கொள்வோம். பழத்தோட்டக்காரர்களுக்கு வேண்டியிருந்தது வௌவால்களை ஒழிக்கும் வழி. கிழக்குக் கடற்கரை நெடுகிலும் அவற்றின் கூட்டுத் தங்கிடங்களைத் தேடி அலைந்த ராட்கிளிஃப் கண்டடைந்ததோ, இவ்விலங்குகளின் இயல்பான உணவு யூக்கலிப்டஸ் உள்ளிட்ட காட்டு மரங்களின் பூக்கள் என்பதும், பூக்காலத்தை ஒட்டியே அவை இடம்பெயர்கின்றன என்பதும், பூப்பு பொய்த்த பருவங்களில்தான் தோட்டங்களுக்குப் பெருமளவில் படையெடுக்கின்றன என்பதும் ஆகும். ஒட்டுமொத்த ஒழிப்புக்குச் செலவிடும் அளவுக்குச் சேதம் பெரிதல்ல என்ற முடிவை அரசுக்கு உரிய அடக்கமான மொழியில் 1931இன் அறிக்கை சொல்கிறது. அதே அலைச்சல் நூலில் வேறு உயிர் பெறுகிறது; அங்கே ஆய்வாளர் தம்மைத் தாமே கேலி செய்துகொள்ளும் பயணியாக மாறிவிடுகிறார்.

அறிக்கையில் வரும் ஒவ்வொரு முக்கியக் கூற்றுக்கும் எதிரே நூலில் அதற்கு இணையான பத்தியைக் குறித்துக்கொண்டு, இரண்டிலும் வரும் இடப்பெயர், பருவம், சந்தித்தவர்கள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது நல்லது. தாள்களைத் திறக்கும்போது அக்குறிப்பேடே திறவுகோலாகும்.

மூன்றாம் படி: தாள்கள் எங்கெங்கே சிதறியுள்ளன என்று அறிவது

ஒருவருடைய தனிப்பட்ட தாள்கள் என்ற பெயரில் ஒரு நூலகத்தில் இருப்பவை, பெரும்பாலும் அவருக்கு வந்த கடிதங்களும் அவர் தம்மிடம் வைத்துக்கொண்ட நகல்களுமே. அவர் கையால் எழுதி அனுப்பிய மூலக் கடிதங்கள் பெற்றவர்களிடம் போய்ச் சேர்ந்தவை. எனவே பெற்றவர்களின் தொகுப்புகளையும் தேட வேண்டும்.

ராட்கிளிஃபுக்கு இது நான்கு திசைகளில் விரிகிறது. முதலாவது, முன்னர்க் குறிப்பிட்ட தேசிய நூலகத் தொகுப்பு. இரண்டாவது, ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகம்: சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஓர் அரசு அமைப்பாதலால் அதன் அலுவல் கோப்புகள் அரசு ஆவணங்களுக்கான விதிகளுக்கு உட்பட்டவை. தேசிய நூலகமும் தேசிய ஆவணக் காப்பகமும் ஒரே நகரில் இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள். வெளியூர் ஆய்வாளர்கள் இவற்றை ஒன்றாக எண்ணிக்கொண்டு தவறான கட்டடத்தில் விண்ணப்பம் கொடுப்பது அரிதான செய்தியன்று. மூன்றாவது, ஆஸ்திரேலிய அறிவியல் கழகத்தின் பாஸர் நூலகம். அறிவியலாளர்களின் தாள்களைச் சேகரிக்கும் இந்நூலகத்தில்தான் ஃபென்னரின் தாள்கள் உள்ளன. நான்காவது, வெளிநாட்டுத் தொகுப்புகள்: ஹக்ஸ்லியின் தாள்கள் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ரைஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

தேடலைத் தொடங்க மிகவும் ஏற்ற இடம் தேசிய நூலகம் நடத்தும் 'ட்ரோவ்' இணையத் தேடுதளம். நூல்கள், கைப்பிரதித் தொகுப்புகள், பழைய செய்தித்தாள்கள் ஆகிய அனைத்தையும் அது ஒரே இடத்தில் காட்டும். செய்தித்தாள்கள் பெரும்பாலும் 1954 வரை மட்டுமே கிடைக்கும். அதாவது வௌவால் ஆய்வும் மணல் ஆய்வும் முயல் நோயின் தொடக்க ஆண்டுகளும் நாளேடுகளில் எப்படிப் பேசப்பட்டன என்பதை வீட்டிலிருந்தபடியே படிக்கலாம், அறக்கட்டளைக் காலத்துக்கு அந்த வசதி குறைவு. 'ஆஸ்திரேலிய அறிவியல் கலைக்களஞ்சியம்' என்ற இணையத் தொகுப்பும், ஆஸ்திரேலிய வாழ்க்கை வரலாற்று அகராதியும் ஒருவருடைய ஆவணங்கள் எங்கே உள்ளன என்பதற்கு வழி காட்டுபவை.

நான்காம் படி: விளக்கப் பட்டியலைப் படிப்பது

ஒவ்வொரு கைப்பிரதித் தொகுப்புக்கும் 'எம்.எஸ்.' என்று தொடங்கும் ஓர் எண் உண்டு. பெரும்பாலான பெரிய தொகுப்புகளுக்கு விளக்கப் பட்டியலும் உண்டு. எந்தப் பெட்டியில், எந்த உறையில், எந்த ஆண்டுகளுக்குரிய எவ்வகைத் தாள்கள் உள்ளன என்பதை அது சொல்லும்.

அதில் முதலில் பார்க்க வேண்டியது பெட்டிகளின் பட்டியலை அன்று. தாள்கள் எப்படி நூலகத்துக்கு வந்தன என்ற குறிப்பை. கொடுத்தவர் எழுத்தாளரா, குடும்பத்தாரா, அலுவலகமா, ஒரே முறையில் வந்தனவா, பல தவணைகளில் வந்தனவா என்பவை முக்கியம். தவணைகளாக வந்த தொகுப்பில் ஒரே ஆண்டின் கடிதங்கள் ஒன்றுக்கொன்று தொலைவான பெட்டிகளில் கிடக்கக்கூடும். அடுத்துப் பார்க்க வேண்டியது அணுகல் நிபந்தனை: யாரும் பார்க்கலாமா, அனுமதி வேண்டுமா, குறிப்பிட்ட ஆண்டு வரை மூடப்பட்டுள்ளதா.

பட்டியலில் 'பலவகை' என்று தலைப்பிடப்பட்ட உறைகளை ஒதுக்கிவிடக் கூடாது. பட்டியலிட்டவருக்கு வகைப்படுத்த முடியாமல் போன கைக்குறிப்புகளும் முகவரி இல்லாத வரைவுகளும் அங்கேதான் சேர்ந்திருக்கும்.

தேசிய ஆவணக் காப்பகத்தின் முறை வேறு. அங்கே 'ரெக்கார்ட்சர்ச்' என்ற தேடுதளத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே அதன் நிலை குறிக்கப்பட்டிருக்கும்: திறந்தது, சில பக்கங்கள் நீக்கித் திறந்தது, மூடப்பட்டது, இன்னும் பரிசீலிக்கப்படாதது. கடைசி வகையைக் கண்டு பின்வாங்க வேண்டாம். அதுவரை எவரும் கேட்கவில்லை என்பதே அதன் பொருள். விண்ணப்பித்தால் பரிசீலிப்பார்கள், ஆனால் அதற்குக் கணிசமான காலம் ஆகும் என்பதால் பயணத்துக்கு வெகு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: நேரில் செல்வதும் தொலைவிலிருந்து கேட்பதும்

நேரில் செல்பவர் வாசகர் அட்டைக்கு இணையத்தில் பதிவுசெய்து, வேண்டிய பெட்டிகளை முன்கூட்டியே கோர வேண்டும். சிறப்புத் தொகுப்புகளுக்கான வாசிப்பறையில் பென்சிலுக்கு மட்டுமே அனுமதி. பைகளை வெளியே வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஓர் உறையை மட்டும் திறந்து, தாள்களின் வரிசை மாறாமல் திருப்பி வைக்க வேண்டும். சொந்த ஆய்வுக்காக ஒளிவிளக்கு இல்லாமல் படமெடுக்க, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பொதுவாக அனுமதி உண்டு.

படமெடுக்கையில் ஒரு பழக்கத்தைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும்: ஒவ்வோர் உறையின் முதல் படமும் அந்த உறையின் மேலட்டையாக இருக்கட்டும். தொகுப்பு எண், பெட்டி எண், உறை எண் மூன்றும் அதில் தெரிய வேண்டும். ஊர் திரும்பியபின் நூற்றுக்கணக்கான படங்களுக்கு நடுவே அநாமதேயமாக நிற்கும் ஒரு கடிதம், எவ்வளவு அரியதாயினும் மேற்கோளுக்கு உதவாது.

நேரில் செல்ல இயலாதவர்கள் நூலகத்தின் 'காப்பீஸ் டைரக்ட்' என்ற கட்டணச் சேவை வழியாக நகல் கேட்கலாம். முழுப் பெட்டியையும் கேட்பது கட்டுப்படியாகாது. விளக்கப் பட்டியலிலிருந்து உறை எண்ணையும் ஆண்டையும் துல்லியமாகச் சுட்டிக் கேட்டால் செலவும் காத்திருப்பும் குறையும்.

ஆறாம் படி: தாளின் தன்மையை அறிந்து படிப்பது

ராட்கிளிஃபின் காலத்து அலுவலர் ஒருவரின் தாள்களில் மைக் கையெழுத்துக் கடிதம், தட்டச்சுக் கடிதம், கார்பன் நகல், திருத்தப்பட்ட வரைவு, கைக்குறிப்பு, செய்தித்தாள் வெட்டு எனப் பலவகை எதிர்ப்படும். இவற்றுள் ஆய்வாளரை மிகவும் ஏமாற்றக்கூடியது கார்பன் நகல். அனுப்பிய கடிதத்தில் கையால் சேர்த்த திருத்தமோ பின்குறிப்போ நகலில் இருக்காது. சில நகல்கள் அனுப்பப்படாமலே நின்றுபோன கடிதங்களுக்கு உரியனவாகவும் இருக்கலாம். மறுமுனையில் பதில் கடிதம் கிடைத்தாலன்றி, 'ராட்கிளிஃப் இவ்வாறு தெரிவித்தார்' என்று எழுதக் கூடாது. 'ராட்கிளிஃபின் நகல் ஒன்றில் இவ்வாறு உள்ளது' என்பதே பொறுப்பான கூற்று.

தேதியில்லாத தாள்களுக்குத் தேதி காண முயலும்போது கடிதத் தலைப்பில் அச்சிடப்பட்டுள்ள நிறுவனப் பெயர் முதல் சான்று. சி.எஸ்.ஐ.ஆர். என்றிருந்தால் தாள் 1949க்கு முன் அச்சானது. ஆனால் பழைய தாள்களைத் தீரும்வரை பயன்படுத்துவது அலுவலக வழக்கம் என்பதால் கடிதம் அதற்குப் பின்னும் எழுதப்பட்டிருக்கலாம். பண மதிப்பு இரண்டாவது சான்று: பவுண்டு, ஷில்லிங்கில் இருந்தால் பெரும்பாலும் 1966 பிப்ரவரிக்கு முற்பட்டது, டாலரில் இருந்தால் பிற்பட்டது.

ஏழாம் படி: மணல் நிலப் பயணங்களைத் தொடர்வது

ராட்கிளிஃபின் எழுத்தில் மிகவும் ஆழமான பகுதி இதுவே என்பது என் கருத்து. ஆகவே ஆய்வாளர் அதிக நேரத்தை இங்கே செலவிட வேண்டும்.

பின்னணி இதுதான். தெற்கு ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் ஆண்டு மழை 10 அங்குலத்துக்கும், அதாவது 250 மில்லிமீட்டருக்கும் குறைவு. அம்மாநிலத்தின் தலைமை நில அளவையாளர் ஜார்ஜ் கோய்டர் 1865இலேயே நிலப்படத்தில் ஒரு கோடு வரைந்து, அதற்கு வடக்கே பயிர்த்தொழிலை நம்ப இயலாது என்று காட்டியிருந்தார். கோட்டுக்கு அப்பால் ஆட்டு மந்தைகள் பரவின. அந்நிலத்தைப் பிடித்து வைத்திருந்தவை 'சால்ட்புஷ்', 'புளூபுஷ்' என்று அங்கே வழங்கும் பல்லாண்டுக் குறுஞ்செடிகள். மழை பொய்த்த ஆண்டுகளிலும் அவை உயிரோடு நின்று ஆடுகளுக்கு உணவாயின. வேர்களால் மண்ணைக் கட்டின. நல்ல ஆண்டின் கணக்கில் பெருக்கிய மந்தை, வறட்சியிலும் அதே நிலத்தில் நிறுத்தப்பட்டபோது அச்செடிகள் மொட்டையடிக்கப்பட்டு மடிந்தன. முயல்கள் எஞ்சியவற்றையும் முடித்தன. காற்று மேல்மண்ணை அள்ளிச் சென்ற இடங்களில் விதை ஒட்டாத இறுகிய தளம் வெளிப்பட்டது. அள்ளப்பட்ட மண் வேலிகளிலும் வீடுகளிலும் குவிந்தது.

1936ஆம் ஆண்டின் சிறுநூல் இதை மேய்ச்சல் நிர்வாகச் சிக்கலாக முன்வைக்கிறது. 1938ஆம் ஆண்டின் நூலோ அதைத் தாண்டிச் செல்கிறது. நிலையான வீடு, எல்லை குறித்த நிலம், ஆண்டு முழுதும் அதிலேயே வாழும் மந்தை என்ற ஏற்பாடு, மழை தவறாத ஐரோப்பாவின் பழக்கம் என்றும், அதை இந்த நிலத்தில் ஊன்றினால் அது தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் என்றும், அடர்த்தி குறைந்த குடியிருப்பே பொருந்தும் என்றும் அது வாதிடுகிறது. குடியேற்றத்தை நாட்டின் பெருமையாகக் கருதிய 1930களில் ஓர் அரசு ஊழியர் இவ்வாறு எழுதியது சிறிய செய்தியன்று.

இங்கே தாள்களிடம் கேட்க வேண்டிய கேள்வி கூர்மையானது: அந்த இரண்டாவது முடிவு அவருக்கு எப்போது தோன்றியது? களத்தில் இருந்தபோதா, சிறுநூலை எழுதியபோதா, அல்லது நூலுக்காகத் திரும்பிப் பார்த்தபோதா? இதற்கு விடை காண 1935 முதல் 1938 வரையிலான எல்லாத் தாள்களையும், எந்தப் பெட்டியில் இருந்தாலும், ஒரே தேதி வரிசையில் அடுக்க வேண்டும். அறிக்கையின் வரைவுகளில் அடித்துத் திருத்திய வரிகள் இருந்தால் அவற்றை ஒன்றுவிடாமல் படியெடுக்க வேண்டும். திருத்தியது அவரா, மேலதிகாரியா என்பதைக் கையெழுத்தைக் கொண்டு பிரித்தறிய வேண்டும். நூலில் துணிவாகத் தெரிவது கடிதத்தில் ஏற்கனவே சாதாரணப் பேச்சாக இருந்திருக்கலாம். அல்லது கடிதத்தில் இன்னும் கடுமையாக இருந்தது நூலில் தணிந்திருக்கலாம். எதுவாயினும் அதுவே கண்டுபிடிப்பு.

அளவைகளில் கவனம் தேவை. அக்காலத்து ஆஸ்திரேலியர்கள் மழையைப் 'பாயிண்ட்' கணக்கில் சொல்வர். 100 பாயிண்ட் ஓர் அங்குலம். '50 பாயிண்ட் பெய்தது' என்பது அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். மேய்ச்சல் அடர்த்தி 'ஒரு சதுர மைலுக்கு இத்தனை ஆடு' என்று வரும். சதுர மைல் என்பது 640 ஏக்கர், ஏறத்தாழ 2.59 சதுர கிலோமீட்டர். ஒரு கடிதத்தில் வறட்சியைப் பற்றிய கூற்று வந்தால், ஆஸ்திரேலிய வானிலைத் துறை இணையத்தில் தரும் பழைய மழைப் பதிவுகளோடு அதை ஒப்பிட வேண்டும். உள்நிலப் பண்ணைகள் பலவற்றில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே மழைமானிகள் இருந்தன.

இடப்பெயர்களை நிலப்படத்தில் குறித்துக்கொண்டே படிப்பது நல்லது. பண்ணைகளின் பெயர்களே அங்கே ஊர்ப் பெயர்கள் போல வழங்கும். ஒரு பண்ணைக்காரரின் அடையாளத்தை நூல் மறைத்திருக்க, தாள்கள் அதை வெளிப்படுத்துமானால், அவருடைய கடன், குடி, குடும்பச் சண்டை போன்றவற்றை வெளியிடுவதற்கு முன் ஆய்வுக்கு அது உண்மையிலேயே தேவையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

எட்டாம் படி: முடிவு தெரியாதவராக நின்று படிப்பது

முயல் நோய் தொடர்பான தாள்களுக்கு இந்த மனப்பயிற்சி மிக அவசியம். 1950இல் மர்ரி ஆற்றுப் பள்ளத்தாக்கில் ராட்கிளிஃபின் பிரிவினர், முயல்களை ஒழிக்கும் நோக்கில், மிக்சோமடோசிஸ் நோயை உண்டாக்கும் மிக்சோமா வைரஸை முயல்களிடையே பரப்பிச் சோதித்தனர். மாதக்கணக்கில் அது பரவவில்லை. சோதனை தோற்றது என்றே தோன்றியது. அவ்வாண்டு டிசம்பரில் நிலைமை தலைகீழாயிற்று. கொசுக்கள் வழியாக நோய் ஆறுகளை ஒட்டி நெடுந்தொலைவு பாய்ந்தது. முதல் அலையில் நோயுற்ற முயல்களில் 99 சதவீதத்துக்கு மேல் மடிந்தன. 1951இல் அதே பள்ளத்தாக்கில் மனிதரிடையே மூளையழற்சி தோன்றியபோது மக்கள் முயல் வைரஸைச் சந்தேகித்தனர். அந்த அச்சத்தைப் போக்க ஃபென்னர், இன்னொரு வைரஸ் ஆய்வாளரான மக்ஃபார்லேன் பர்னெட், அன்றைய சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. தலைவர் இயன் கிளூனிஸ் ராஸ் ஆகிய மூவரும் அந்த வைரஸைத் தங்கள் உடலிலேயே செலுத்திக்கொண்டனர்.

1965ஆம் ஆண்டின் பெருநூல் இதையெல்லாம் முடிவு தெரிந்த நிலையில் விவரிக்கிறது. 1950 நவம்பரில் எழுதப்பட்ட ஒரு கடிதத்துக்கு அந்த முடிவு தெரியாது. ஆகவே ஒவ்வொரு தாளையும் அதன் தேதிக்கு முந்திய செய்திகளை மட்டும் மனத்தில் கொண்டு படிக்க வேண்டும். தேசிய நூலகத்துத் தாள்கள், தேசிய ஆவணக் காப்பகத்துக் கோப்புகள், பாஸர் நூலகத்தில் உள்ள ஃபென்னரின் தாள்கள் ஆகிய மூன்றையும் வாரவாரியாக ஒரே அட்டவணையில் வைத்தால், யார் எப்போது நம்பிக்கை இழந்தார், யார் எதை முதலில் கவனித்தார் என்பவை தெளிவாகும். ட்ரோவில் கிடைக்கும் வட்டார நாளேடுகள் நான்காவது வரிசையாக அமையும். காட்டு வௌவாலை ஒழிக்க மறுத்த அதே மனிதர் முயலை ஒழிக்கும் பணிக்குத் தலைமை ஏற்றதில் முரண்பாடு காண்பவர்கள் உண்டு. வந்தேறி முயல் சால்ட்புஷ் நிலத்துக்குச் செய்ததை 1935இல் அவரே நேரில் கண்டவர் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் முரண்பாடு பெரும்பாலும் கரைந்துவிடும்.

ஒன்பதாம் படி: அமைப்பாளரின் தாள்களைப் பிரித்தறிவது

1963இல் பிரிட்டிஷ் இளவரசர் ஃபிலிப், உலக வனவிலங்கு நிதியத்துக்கு ஆஸ்திரேலியாவில் ஓர் ஏற்பாடு வேண்டும் என்று முன்மொழிந்ததிலிருந்து தொடங்கிய பேச்சுகள், ஆஸ்திரேலியப் பாதுகாப்பு அறக்கட்டளையின் தோற்றத்தில் முடிந்தன. நாட்டின் தலைமை நீதிபதி கார்ஃபீல்ட் பார்விக் முதல் தலைவரானார். ராட்கிளிஃப் செயலாளர் பணியைச் சுமந்தார். செயலாளரின் தாள்களில் சொந்தக் கருத்தும் அமைப்பின் நிலைப்பாடும் ஒரே கடிதத்தில் கலந்திருக்கும். கையெழுத்துக்குக் கீழே பதவி குறிக்கப்பட்டுள்ளதா, நகல் யார் யாருக்கு அனுப்பப்பட்டது என்பவற்றைக் கொண்டு இவற்றைப் பிரிக்கலாம்.

பெரும் பவளத்திட்டு விவகாரத்தை ஓர் எடுத்துக்காட்டாக எடுத்துப் பயிற்சி செய்யலாம். 1967இல் அதன் ஒரு பகுதியான எல்லிசன் திட்டில் சுண்ணாம்பு வெட்டி எடுக்க விண்ணப்பம் வந்ததிலிருந்து குயின்ஸ்லாந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் அதை எதிர்த்துப் போராடியது; அதன் தலைவர் கவிஞர் ஜூடித் ரைட். விஞ்ஞானிகளையும் அரசையும் அரவணைத்துச் செல்லும் அறக்கட்டளையின் நிதானம் களத்தில் இருந்தவர்களுக்குப் போதவில்லை. ஜூடித் ரைட்டின் தாள்களும் தேசிய நூலகத்திலேயே உள்ளன. இரு தொகுப்புகளையும் ஒரே வாரத்தில் அருகருகே படிப்பவர், ஒரு தரப்பின் நினைவுக்குறிப்பை மட்டும் நம்பி எழுதும் தவற்றிலிருந்து தப்புவார்.

பத்தாம் படி: பழங்குடி மக்கள் பற்றிய குறிப்புகளைக் கையாள்வது

மணல் ஆய்வு நடந்த உள்நிலம் பழங்குடி மக்களின் நிலம்: தெற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ளிண்டர்ஸ் மலைத்தொடர் அட்ன்யமதான்ஹா மக்களின் நாடு. 'பெர்ட்ஸ்வில் தடம்' என்ற உள்நிலப் பாதை தியேரி மக்களின் நாட்டின் வழியே செல்கிறது. அக்கால ஐரோப்பியப் பயணிகளின் தாள்களில் இம்மக்களைக் குறித்து இன்று ஏற்க இயலாத சொற்களும் மதிப்பீடுகளும் வருவது வழக்கம். மொழிபெயர்ப்பாளர் அவற்றை மழுப்பாமல், அவை மூலத்தில் உள்ளவை என்று தெளிவாக்கித் தர வேண்டும். சடங்கு, புனித இடம், இறந்தோரின் படம் தொடர்பானவை எதிர்ப்பட்டால் நூலகப் பணியாளரிடம் தெரிவித்து, ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஆய்வு நிறுவனமான 'அயாட்சிஸ்' வகுத்துள்ள நெறிமுறைகளைப் பின்பற்ற வேண்டும்.

பதினோராம் படி: உரிமையும் மேற்கோளும்

தாள் நூலகத்துக்குச் சொந்தமாக இருந்தாலும் அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. ஆஸ்திரேலியச் சட்டத்தில் பொதுவிதி, எழுதியவர் இறந்தபின் 70 ஆண்டுகள். வெளியிடப்படாத எழுத்துகளுக்குக் காலவரையின்றி நீடித்து வந்த உரிமை 2019 ஜனவரி 1 முதல் முடிவுக்கு வந்து, அவையும் இதே கணக்குக்குள் கொண்டுவரப்பட்டன. 1970இல் இறந்த ராட்கிளிஃபின் எழுத்துகளுக்கு அங்கே 2040 முடியும் வரை உரிமை உண்டு. அவருக்கு வந்த கடிதங்களின் உரிமை அவரவருடையது: 1975இல் இறந்த ஹக்ஸ்லியின் கடிதத்துக்கு 2045 வரை. பணி நிமித்தம் எழுதியவற்றின் உரிமை நிறுவனத்திடமோ அரசிடமோ இருக்கலாம். இந்தியாவில் பொதுவான கணக்கு 60 ஆண்டுகள்; தமிழில் நூலாக வெளியிடுபவர் இரு நாட்டு நிலையையும் பதிப்பாளருடன் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

ஆய்வுக்காகச் சில வரிகளை மேற்கோள் காட்டுவதும் முழுக் கடிதத்தை மொழிபெயர்த்து வெளியிடுவதும் ஒன்றல்ல. பின்னதற்கு எழுத்துமூல அனுமதி தேவை. வாரிசுகளைத் தேட நூலகத்தின் கைப்பிரதிப் பிரிவை அணுகலாம். அனுமதி கிடைக்காத கடிதத்தின் செய்தியைத் தம் சொற்களில் சுருக்கித் தரலாம். எவ்வாறாயினும் ஒவ்வொரு குறிப்பின் கீழும் எழுதியவர், பெற்றவர், தேதி, தொகுப்பின் பெயர், எம்.எஸ். எண், பெட்டி, உறை, நூலகம் என்ற வரிசை இடம்பெற வேண்டும். தேதி ஊகமாக இருந்தால் அதைப் பகர அடைப்புக்குள் இட வேண்டும். தமிழில் தரும் வரிகளுக்கு மொழிபெயர்ப்பாளர் யார் என்பதையும், தாம் படித்தது மூலமா கார்பன் நகலா என்பதையும் அதே வரியில் சேர்த்துவிட வேண்டும்.